முதல் பிரசவம் சிசேரியன் என்றால் இரண்டாவதும் சிசேரியன்தானா? - சேலையூர் பெண் எடுத்த முடிவு!

சேலையூர் கேம்ப் ரோடு சிக்னலில் ஆட்டோ நின்றபோதுதான் மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"ஜோசியர் நாள் குறிச்சுக் கொடுத்துட்டாரும்மா. ஏப்ரல் 9. பங்குனி முடியறதுக்குள்ள அதைவிட நல்ல நாள் இல்லையாம். டாக்டர்கிட்ட இன்னிக்கே சொல்லிடு."

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். டாக்டர் சொல்லியிருந்த பிரசவத் தேதி ஏப்ரல் 20. சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். 'சித்திரை அப்பன் தெருவிலே' என்ற சொலவடையைக் கேட்டே வளர்ந்தவர் மாமியார். முதல் குழந்தை சிசேரியன், இதுவும் எப்படியும் சிசேரியன்தான், அதைப் பங்குனியிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்பது அவர் கணக்கு. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மகனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற பயம்தான்.

"சரிங்கத்தை" என்று சொல்லி போனை வைத்தாள். ஆனால், 'எப்படியும் சிசேரியன்தான்' என்பதை யார் முடிவு செய்தது என்ற கேள்வி மட்டும் தாம்பரம் போய்ச் சேரும்வரை அவளை விடவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பிப்ரவரி மாதம் மகன் பிறந்தான். எட்டு மணி நேரம் வலியில் கிடந்தாள். திடீரென்று நர்ஸ் வெளியே போய், "கொடி சுத்தியிருக்கு, உடனே எடுக்கணும்" என்று கணவனிடம் கையெழுத்து வாங்கினார். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. முதுகில் ஊசி போட்டார்கள். அரை மணி நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. குழந்தை நன்றாக இருந்தான். அந்த நன்றி அவளுக்கு இன்றும் உண்டு.

அதற்குப் பிறகு வந்த நாள்கள்தான் அவள் நினைவில் தங்கிவிட்டன. இருமினால் தையல் இழுத்தது. பால் கொடுக்க எழுந்து உட்காரவே ஒரு கை பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. மதுராந்தகத்திலிருந்து அம்மா வந்து மூன்று மாதம் தங்கினார். பார்க்க வந்த உறவினர் ஒருவர், "வலியே படாம பெத்துக்கிட்ட, கொடுத்து வெச்சவ" என்று சிரித்தார். எட்டு மணி நேர வலியும் வயிற்றில் தையலுமாகக் கிடந்தவள் பதில் சொல்லவில்லை.

இப்போது அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்திருந்தது. கீழே உட்காரவோ, குழந்தையைத் தூக்கவோ முடியாது. மகனோ தினமும் ராத்திரி 'தூக்கு' என்று கையை நீட்டுகிறான். இன்னொரு முறை வயிற்றில் தையலோடு இரண்டு குழந்தைகளை எப்படிப் பார்ப்பது? நார்மல் டெலிவரியைப் பற்றி அவள் யோசிக்க ஆரம்பித்தது இப்படித்தான். வீரத்துக்காகவோ பெருமைக்காகவோ அல்ல.

தயங்கித் தயங்கித்தான் டாக்டரிடம் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "முதல் ஆபரேஷன்ல கர்ப்பப்பையை எப்படி வெட்டினாங்கன்னு எழுதின பேப்பர் இருக்கா?" என்று கேட்டார்.

"கீழ குறுக்காலதான் தழும்பு இருக்கு டாக்டர்."

"அது தோல்ல இருக்கிறது. எனக்கு உள்ள இருக்கிறது தெரியணும்."

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. 1916-ல் நியூயார்க்கைச் சேர்ந்த எட்வின் கிராகின் என்ற மகப்பேறு மருத்துவர், 'ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்' என்று எழுதினார். அன்று கர்ப்பப்பையின் மேல்பகுதியை நெடுக்காக வெட்டித்தான் குழந்தையை எடுத்தார்கள். அடுத்த பிரசவ வலியில் அழுத்தமாகச் சுருங்கி விரிவது அந்த மேல்பகுதிதான். பழைய தையல் அந்த இடத்தில் விட்டுப்போக வாய்ப்பு அதிகம். 1920-களில் கிளாஸ்கோவைச் சேர்ந்த மன்ரோ கெர், கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினார். கீழ்ப்பகுதி மெல்லியது, வலியின்போது அவ்வளவாகச் சுருங்காது, தழும்பும் உறுதியாக ஆறும். இன்று பெரும்பாலான சிசேரியன்கள் இப்படித்தான் நடக்கின்றன. வெட்டும் முறை மாறி இத்தனை வருடமாகியும் கிராகினின் வாக்கியம் மட்டும் மாறாமல் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பழைய நர்சிங் ஹோமுக்குப் போனாள். "டிஸ்சார்ஜ் சம்மரி அப்பவே கொடுத்திருப்போமே" என்றார்கள். கொடுத்திருந்தார்கள்தான். வீடு மாறியதில் அது எங்கோ போய்விட்டது. "பழைய ஃபைல் எல்லாம் குடோன்ல இருக்கும், அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அடுத்த வாரமும் அதே பதில்.

உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள். அவளுக்கு மூன்று வருடம் முடிய இரண்டே வாரம் இருந்தது. கணவனோடு போய், கைப்பட எழுதிய கடிதத்தைக் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டாம் நாள் போன் வந்தது.

அந்த ஒற்றைத் தாளை வண்டியில் உட்கார்ந்தபடியே படித்தாள். கொடி சுற்றியதாக அதில் எங்குமே இல்லை. குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்திருந்தது, இதயத்துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. அதனால்தான் ஆபரேஷன். வெட்டு, கீழ்ப்பகுதியில் குறுக்காக. மூன்று வருடமாகத் தன் உடம்பில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அது அன்றைக்கு அந்தக் குழந்தைக்கு வந்த ஒரு நெருக்கடி மட்டுமே என்று அப்போதுதான் புரிந்தது.

டாக்டர் அந்தத் தாளைப் படித்துவிட்டு நிதானமாகப் பேசினார். ஒரே ஒரு சிசேரியன், கீழ்ப்பகுதி வெட்டு, மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி, மறுபடி வந்தே தீரும் என்று சொல்ல முடியாத காரணம். நார்மலுக்கு முயன்று பார்க்கலாம். இப்படிப்பட்டவர்கள் முயன்றால் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு நார்மலாகிறது. பழைய தையல் விட்டு கர்ப்பப்பை கிழிகிற ஆபத்து சுமார் 200 பேரில் ஒருவருக்கு. அப்படி நேர்ந்தால் நிமிடங்களில் ஆபரேஷன் செய்ய வேண்டும், இல்லையென்றால் தாய், குழந்தை இருவருக்குமே ஆபத்து.

"திரும்ப சிசேரியனே செஞ்சுக்கிட்டா?"

"தையல் விடற பயம் கிட்டத்தட்ட இல்லை. நாளைத் திட்டமிடலாம். ஆனா ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் உள்ள ஒட்டுதல் கூடும். அடுத்த கர்ப்பத்துல நஞ்சுக்கொடி பழைய தழும்புமேல ஆழமா ஒட்டிக்கிற ஆபத்தும் ஏறிக்கிட்டே போகும். நார்மலுக்கு முயற்சி செஞ்சு நடுவுல ஆபரேஷனுக்குப் போறது, திட்டமிட்ட ஆபரேஷனைவிடச் சிரமம். அதையும் சொல்லிடணும்."

அதே வரிசையில் செம்பாக்கத்திலிருந்து வரும் இன்னொரு பெண்ணோடு அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. இருவரின் வயிற்றிலும் ஒரே மாதிரி குறுக்குத் தழும்பு. ஆனால், அந்தப் பெண்ணுக்கு முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே, கால் பக்கம் கீழே இருந்த நிலையில் பிறந்தது. அந்த நேரத்தில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி சரியாக விரிந்திருக்கவில்லை. உள்ளே நெடுக்காக வெட்ட வேண்டிவந்தது. அவருக்கு வலி வரும்வரை காத்திருப்பதே ஆபத்து. 37-வது வாரத்தில் சிசேரியன் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார். "எனக்குக் குழப்பமே இல்லைங்க, நிம்மதியா இருக்கு" என்றார் அவர்.

குழப்பம் முழுக்க சேலையூர் வீட்டில்தான் இருந்தது. ஒரு ராத்திரி மகன் தூங்கிய பிறகு, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் இரண்டு பக்கமாகக் கோடு போட்டு எழுதினார்கள்.

"இருநூறுல ஒண்ணுதான்னு சொல்றாங்க. அந்த ஒண்ணு நீயா இருந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்றான் கணவன். அதுவரை அவன் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதில்லை.

அவளுக்கும் உடனே பதில் வரவில்லை. "ஆபரேஷன்லயும் யாரோ ஒருத்தருக்கு ஏதோ ஆகுதுங்க. அதை மட்டும் யாரும் நம்மகிட்ட எண்ணிச் சொல்லல" என்றாள் கடைசியில்.

எண்ணிச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. சிசேரியன் நமக்கு அவ்வளவு பழகிவிட்டது. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவிகிதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவிகிதம். அகில இந்திய அளவு 21.5. முதல் பிரசவம் சிசேரியனாகும் பெண்கள் கூடக் கூட, 'இரண்டாவது எப்படி?' என்று இரவில் விழித்திருக்கும் வீடுகளும் கூடுகின்றன.

எந்த மருத்துவமனை என்பதும் இந்தக் கேள்விக்குள்ளேயே அடக்கம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு நர்சிங் ஹோம் இருந்தது. அம்மா அதைத்தான் சொன்னார். விசாரித்ததில், மயக்க மருந்து டாக்டர் அங்கே ராத்திரியில் இருப்பதில்லை, கூப்பிட்டால் வருவார் என்று தெரிந்தது. தையல் விட்டால் அவர் வரும்வரை காத்திருக்க முடியாது. சாயங்கால நேரத்தில் வேளச்சேரி மெயின் ரோட்டு நெரிசலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றாலும், 24 மணி நேரமும் மயக்க மருந்து டாக்டரும் ரத்தமும் தயாராக இருக்கும் பெரிய மருத்துவமனையே சரி என்று முடிவானது.

மாமியாரை அடுத்த செக்கப்புக்குக் கூடவே அழைத்துப்போனாள். ஏப்ரல் 9 பற்றி அவரே கேட்டார். "39 வாரம் முடியறதுக்கு முன்னாடி, காரணம் இல்லாம எடுத்தா குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரலாம்மா. நாலஞ்சு நாள் பொறுக்கறது குழந்தைக்கு நல்லது" என்றார் டாக்டர். மாமியார் பதில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது, "என்னை ஸ்கந்தாஸ்ரமத்துல இறக்கிவிட்டுடு" என்று மட்டும் சொன்னார்.

டாக்டரின் நிபந்தனைகள் தெளிவாக இருந்தன. வலியை வரவழைக்க மிசோப்ராஸ்டால் மாத்திரை கிடையாது. வலி தொடங்கினாலோ தண்ணீர்க்குடம் உடைந்தாலோ வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. குழந்தையின் துடிப்பைப் பார்க்கும் பெல்ட் கடைசிவரை வயிற்றில் இருக்கும். துடிப்பு குறைந்தாலோ, ரத்தம் போனாலோ, வலி விட்ட நேரத்திலும் தழும்பு இடத்தில் வலித்தாலோ உடனே ஆபரேஷன். "அப்போ நான் கேள்வி கேட்டுக்கிட்டிருக்க மாட்டேன். சரியா?" என்றார். "சரி டாக்டர். ஆனா என்ன காரணம்னு எங்கிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க" என்றாள் அவள்.

ஏப்ரல் 9 கடந்தது. சித்திரை பிறந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. 16-ம் தேதி நள்ளிரவு தாண்டி வலி தொடங்கியது. கேம்ப் ரோடு சிக்னலில் மஞ்சள் விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. பதினைந்தே நிமிடத்தில் மருத்துவமனை.

விடிகாலையில் ஒருமுறை பெல்ட்டின் சத்தம் மெதுவானது. நர்ஸ் அவளை இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார். டாக்டர் வந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த மாலை அப்படியே திரும்ப வந்ததுபோல் இருந்தது அவளுக்கு. ஆனால், இந்த முறை டாக்டர் அவள் பக்கம் குனிந்து, "துடிப்பு இறங்குச்சு, இப்போ ஏறிடுச்சு. இன்னும் ரெண்டு தடவை இப்படி ஆனா தியேட்டருக்குப் போயிடலாம். உனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். எந்தப் பக்கம் போனாலும் சரி என்று மனதில் தோன்றியது அந்த நிமிடத்தில்தான்.

துடிப்பு மறுபடி இறங்கவில்லை. காலை 11.40-க்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு கிராம். வலியின் உச்சத்தில் அவள் டாக்டரையும் கணவனையும் சேர்த்தே திட்டியதாக நர்ஸ் பிறகு சொன்னார். கீழே நாலு தையல். அன்று சாயங்காலமே எழுந்து தானாக நடந்து பாத்ரூம் போனாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும், மகன் 'தூக்கு' என்று கையை நீட்டினான். உட்கார்ந்தபடி மடியில் ஏற்றிக்கொண்டாள்.

குழந்தையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மா, "சித்திரையா?" என்று இழுத்தார். "ராமானுஜரே சித்திரையிலதான் பொறந்தார்" என்றார் மாமியார், தொட்டிலை ஆட்டியபடி. அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

கத்திரி வெயில் முடிந்த வாரம், தடுப்பூசி அறைக்கு வெளியே செம்பாக்கத்துப் பெண்ணை மறுபடி பார்த்தாள். அவர் மகனுக்குப் பத்தாவது வார ஊசி, இவள் மகளுக்கு ஆறாவது வார ஊசி. சொன்னபடியே 37-வது வாரத்தில் ஆபரேஷன் நடந்து, தாயும் பிள்ளையும் நலம். இருவரும் ஒருவர் குழந்தையை ஒருவர் வாங்கி எடை பார்த்தார்கள்.

"பேப்பரெல்லாம் பத்திரமா வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் இவள்.

அவர் பையிலிருந்து நீல நிற பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துக் காட்டினார். "ரெண்டு ஜெராக்ஸ் வேற எடுத்து வெச்சிருக்கேங்க!"

உள்ளேயிருந்து நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட, இரண்டு குழந்தைகளும் அடுத்தடுத்து வீறிட்டு அழுதன.