எழுவான்கரையும் படுவான்கரையும்

மட்டக்களப்பு மாவட்ட வரைபடத்தைப் பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது, கரையோரத்தை ஒட்டி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் வாவியாகும். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவி, ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து அம்பாறை மாவட்டத்தின் கல்முனைப் பக்கம் வரை செல்கின்றது. மழைநீரும் மேற்கிலிருந்து வரும் ஆறுகளின் நீரும் இதில் சேர, பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் உள்ள முகத்துவாரங்கள் இதனைக் கடலுடன் இணைக்கின்றன. கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடும். மாரியில் வெள்ளம் ஏறி வயல்கள் மூழ்கும்போது அதை வெட்டிவிடுவார்கள். இதனால் வாவி நீர் ஒரு காலம் உவர்ப்பாகவும் ஒரு காலம் நன்னீராகவும் மாறும். இறாலும் நண்டும் பெருகுவதற்கு இதுவே காரணம்.

இந்நீர்ப்பரப்பே ஊருக்குப் பெயர் தந்தது. களப்பு என்பது ஆழம் குறைந்த கடலோர நீர்நிலை. நீர் மட்டமாகக் கிடந்ததால் மட்டக்களப்பு என்பது ஒரு விளக்கம். சிங்களத்தில் 'மட' என்றால் சேறு, 'களப்புவ' என்றால் களப்பு. சேற்றுக்களப்பு என்பது இன்னொரு விளக்கம். வாவியின் கரையில் நின்று பார்த்தால் இரண்டுமே பொருந்தும். நகரம் அமைந்த தீவின் பழைய பெயரோ புளியந்தீவு.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் கரை. மேற்கே வயலும் காடுமாய் விரிந்த நிலம் படுவான்கரை. சூரியன் படும் கரை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி அங்கே. கொக்கட்டிச்சோலை, அம்பிளாந்துறை, பழுகாமம் இங்கே. நெல்லும் தயிரும் விறகும் இக்கரையிலிருந்து போக, தேங்காயும் கடல்மீனும் துணியும் அக்கரையிலிருந்து வந்தன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் தோணியிலேயே நடந்தது.

யுத்த காலத்தில் இப்பெயர்கள் மறைந்து 'விடுவிக்கப்பட்ட பகுதி', 'விடுவிக்கப்படாத பகுதி' என்ற சொற்கள் வந்தன. 2007 வரை பல ஆண்டுகள் வாவியே எல்லையானது. மண்முனைத் துறையில் அடையாள அட்டையும் பொதிகளும் சோதிக்கப்பட, வெயிலில் காத்துநின்றவர்களில் பெரும்பாலானோர் பெண்களே. ஆண்கள் கடக்கப் பயந்த நாட்களில் அரிசிக்கும் மருந்துக்கும், பிடித்துச் செல்லப்பட்ட மகனைத் தேடியும் நாமே கடந்தோம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் அந்தப் பயணம் சில நிமிடங்களாகிவிட்டது. துறையில் காத்துநின்ற நினைவு மட்டும் பாலத்தோடு போய்விடவில்லை.

ஊர்ப்பெயர்களில் நமக்குப் பயன்படும் அறிவும் உண்டு. புளியந்தீவு, மகிழடித்தீவு, நாவலடி என்பன மரத்தால் வந்த பெயர்கள். குடா என்றால் நீர் உள்வளைந்த இடம், மடு என்றால் ஆழமான நீர்நிலை, முனை என்றால் நீருக்குள் நீண்ட நிலம், துறை என்றால் தோணி கட்டும் இடம். எங்கே நீர் நிற்கும், எங்கே ஏறும் என்று முன்னோர் பெயரிலேயே சொல்லி வைத்தார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது நாவலடி போன்ற இடங்களில் அலை நிலத்தைத் தாண்டி வாவிக்குள்ளேயே பாய்ந்தது. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி; ஓடுவதற்கு மேட்டுநிலம் இருக்கவில்லை. கண்டல் மரங்களை வெட்டி, கரையை மண்போட்டு நிரப்பி வீடு கட்டினால் மாரியில் அந்த வீட்டுக்குள் நீர் வருவதும் இதனால்தான்.

தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் பலர், கிடைத்த துண்டு நிலத்தில் வீடு கட்டுகின்றார்கள். அத்திவாரம் வெட்டமுன் அந்த நிலத்தின் பழைய பெயரை ஊரிலுள்ள மூத்த பெண்களிடம் கேளுங்கள். மாரியில் எதுவரை நீர் வந்தது என்றும் கேளுங்கள். பிள்ளைகளுக்கும் எழுவான், படுவான் என்றே சொல்லிக் கொடுங்கள். சோதனைச் சாவடிகள் வைத்த பெயர்களைவிட, சூரியனைப் பார்த்து வைத்த பெயர்களே அவர்களுக்கு வழிகாட்டும்.