வீட்டுக்குத் தெரியாத வீரர்கள்

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் வாரத்தில், ஒளுச் செய்யப் போன இடத்தில் வழுக்கி விழுந்து வலக்கால் எலும்பை முறித்துக் கொண்டேன். மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர், ஆறு வாரங்களுக்குக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தாள். எதிரே தொலைக்காட்சிப் பெட்டி. பக்கத்தில், கோடை விடுமுறையில் இருந்த பதின்மூன்று வயதுப் பேத்தி.

"நன்னா, எந்நேரமும் முகட்டையே பார்த்துக்கிட்டு இருக்கீங்களே, எங்க ஆளுங்களைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் அவள்.

அவளுடைய 'ஆளுங்க' அமெரிக்கச் சித்திரக் கதைகளில் பிறந்தவர்கள். வானில் பறப்பவர், சுவரை உடைப்பவர், முகமூடி அணிந்து இருளில் திரிபவர் என்று பல வகையினர். அந்தக் கதைகளை அமெரிக்கர்கள் எழுபது ஆண்டுகளாகத் தொலைக்காட்சித் தொடர்களாகவும் எடுத்து வருகிறார்கள். பழையதிலிருந்து புதியது வரை வரிசையாகக் காட்டுகிறேன் என்று பேத்தி திட்டம் வகுத்தாள். மறுப்பதற்கு எழுந்து நடக்கவும் முடியாத நிலையில் நான் இருந்தேன்.

முதலில் வந்தவர் சூப்பர்மேன். 1952 முதல் 1958 வரை 104 அத்தியாயங்களாக வெளிவந்த தொடர் அது. ஜார்ஜ் ரீவ்ஸ் என்ற நடிகர் நாயகன். காலை உணவுத் தானியம் விற்கும் கெல்லாக்ஸ் நிறுவனம் அதற்குப் புரவலர். முதல் இரண்டு பருவங்கள் கறுப்பு வெள்ளை, பின்னர் வண்ணம். பணம் குறைவு என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிடுகிறது. முதலில் அவரைக் கம்பியில் கட்டித் தூக்கியிருக்கிறார்கள். கம்பி அறுந்து மனிதர் கீழே விழுந்த பிறகு, எகிறு பலகையில் மிதித்துச் சன்னலுக்கு வெளியே பாயும்படி செய்தார்களாம். பறக்கும் காட்சிகளோ, எடுத்ததையே திரும்பத் திரும்ப ஒட்டியவை.

ஆயினும் முதல் பருவத்தின் கடைசி இரண்டு அத்தியாயங்கள் என்னைக் கட்டிப் போட்டன. 1951இல் வெளியான சிறு திரைப்படம் ஒன்றை இரண்டாக வெட்டித் தொடரில் சேர்த்திருக்கிறார்கள். மிக ஆழமாகத் தோண்டிய எண்ணெய்க் கிணற்றின் வழியே, பூமிக்கு அடியில் வாழும் குள்ள மனிதர்கள் சிலர் மேலே வந்துவிடுகின்றனர். அவர்கள் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. எனினும் தோற்றத்தைக் கண்டு அஞ்சிய ஊரார் துப்பாக்கி ஏந்தித் துரத்துகிறார்கள். சூப்பர்மேன் நிற்பது ஊரார் பக்கம் அன்று. கூட்டத்துக்கும் அந்த அந்நியர்களுக்கும் நடுவில். பறக்கத் தெரிந்த மனிதன் பறக்காமல் நின்ற அந்தக் காட்சியே அத்தொடரில் எனக்கு மிகவும் பிடித்தது.

பேத்தி கேட்டாள்: "இவருக்கு இவ்வளவு சக்தி இருக்கே, அப்புறம் ஏன் நன்னா கண்ணாடி போட்டுக்கிட்டுப் பத்திரிகை ஆபீஸில் ஒளிஞ்சுக்கிறார்? வீட்டில் யாருக்காவது தெரியுமா?"

நல்ல கேள்வி. முதல் அத்தியாயத்திலேயே அவரை வளர்த்த தந்தை மாரடைப்பால் இறந்து போகிறார். மகன் பட்டணம் வந்து சேர்ந்த பின், கதையில் வீடு என்ற ஒன்றே இல்லை. மேசை உண்டு, அலுவலகம் உண்டு, சோறு போட்டு, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்க ஆள் இல்லை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் மற்றத் தொடர்களையும் பார்த்தேன். இவனுடைய இரகசியம் வீட்டில் யாருக்குத் தெரியும்?

அடுத்து 1966ஆம் ஆண்டின் பேட்மேன். 1968 வரை 120 அத்தியாயங்கள். முதல் இரண்டு பருவங்களில் வாரம் இரு நாள் வந்தது. முதல் நாள் நாயகனைச் சாவின் வாயில் மாட்டிவிட்டு, மறுநாள் வாருங்கள் என்பார்கள். அடி விழும் ஓசைகளைக் கொட்டை எழுத்துகளில் திரையிலேயே எழுதிக் காட்டுவார்கள். ஜோக்கராக வந்த சீசர் ரொமேரோ தம் மீசையை எடுக்க மறுத்துவிட்டதால், அதன் மேலேயே வெள்ளைச் சாயத்தைப் பூசியிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் மீசை தெரிகிறது. அதைக் கண்டுபிடித்துக் காட்டியபோது பேத்தியின் மதிப்பில் நான் ஒரு படி உயர்ந்தேன்.

இந்தத் தொடரில் வீடு உண்டு, பெரிய மாளிகை. ஷேக்ஸ்பியரின் மார்பளவுச் சிலையில் தலையைப் பின்னால் தள்ளினால் ஒரு பொத்தான். அதைத் திருகினால் புத்தக அலமாரி விலகும். அதன் பின்னே குகைக்குச் செல்லும் கம்பங்கள். அந்த வீட்டில் ஹேரியட் என்ற அத்தை இருக்கிறாள். மிகவும் அன்பானவள். அவளுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. பணியாளருக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சாக்கைச் சொல்லிவிட்டு இருவரும் மறைந்து போவார்கள். பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே அவளை அப்படி வைத்திருக்கிறார்கள். பேத்தியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1986இல், என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு நாள் தகரப் பெட்டியில் எதையோ தேடியபோது, மடித்து வைத்த துப்பட்டிகளுக்கு அடியில் ஒரு கட்டுப் புத்தகம் கிடைத்தது. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், பழைய புத்தகக் கடையில் வாங்கிய சில ஆங்கிலச் சித்திரக் கதைகள். பெருநாள் காசை மிச்சம் பிடித்துச் சேர்த்தவை. படிக்கிற பெண்ணுக்கு இவை எதற்கு என்று எண்ணினேன். அதைவிட, எனக்குத் தெரியாமல் என் வீட்டிலேயே ஒளித்து வைத்தாளே என்பதுதான் சுட்டது. ஒரு சொல்லும் கேட்காமல் கட்டை எடுத்துக்கொண்டு போய், பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போட்டேன். மகள் அழவில்லை. அதைப் பற்றி ஒரு நாளும் பேசவுமில்லை. பேசாததால் மறந்துவிட்டாள் என்று நினைத்துக் கொண்டேன்.

மூன்றாவதாக வந்தவன் ஹல்க். 1962இல் ஸ்டான் லீயும் ஜாக் கெர்பியும் படைத்த கதையில், அணுகுண்டுச் சோதனை ஒன்றில் சிக்கி விஞ்ஞானி அரக்கனாகிறான். 1977இல் தொலைக்காட்சிக்கு எடுத்தவர்கள் குண்டை விட்டுவிட்டு, துயரத்தை எடுத்துக் கொண்டார்கள். கார் விபத்தில் சிக்கிய மனைவியைக் காப்பாற்ற முடியாமல் போன ஒருவன், ஆபத்து வேளையில் மனிதருக்கு எங்கிருந்து வலிமை பிறக்கிறது என்று ஆராயப் புகுந்து, தன்னையே கெடுத்துக் கொள்கிறான். சினம் வந்தால் பச்சை உருவம். பில் பிக்ஸ்பி மனிதனாகவும், சிறு வயதிலேயே செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்திருந்த லூ ஃபெரிக்னோ பச்சை உருவமாகவும் நடித்தனர். செலவு கருதியோ என்னவோ, ஒரு மணி நேரத்தில் அந்த உருவம் பெரும்பாலும் இரண்டு முறைதான் வரும். மீதி நேரமெல்லாம் சாதாரண மக்களின் சமையலறைகளும் வயல்களும் பட்டறைகளும்தாம்.

உலகம் அவனை இறந்தவன் என்று நம்புகிறது. ஊருக்கு ஊர் வேறு பெயர். ஒரு குடும்பம் அவனிடம் பிரியம் வைக்கும் நேரத்தில் இரகசியம் வெளிப்படும். அல்லது வெளிப்படும் என்று அஞ்சி அவன் புறப்பட்டுவிடுவான். ஒவ்வொரு அத்தியாயமும் அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் போகிற வண்டிகளுக்குக் கை காட்டி நிற்பதில் முடியும். ஜோ ஹார்னெல் அமைத்த பியானோ இசை அதற்குத் துணை போகும். தொடர் 1982இல் நின்றது. நான் பார்த்த கடைசி அத்தியாயத்திலும் அவன் நடந்துகொண்டுதான் இருந்தான். தன் கோபம் வீட்டாரைச் சுட்டுவிடுமோ என்று அஞ்சியவன் அவன். என் கோபத்தை நான் அப்படி அஞ்சியதில்லை.

இதற்குப் பிறகு காற்று மாறுகிறது. 1993இல் தொடங்கிய 'லோயிஸ் அண்டு கிளார்க்' தொடரில் சூப்பர்மேனுக்குத் தாயும் தந்தையும் உயிரோடு இருக்கிறார்கள். எந்த உடை பொருந்தும் என்று தாய் ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்து அணிவித்துப் பார்க்கிறாள். மகன் கண்ணாடி முன் நிற்கிறான். 2001இல் வந்த 'ஸ்மால்வில்' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பத்துப் பருவங்கள், 217 அத்தியாயங்கள். உடையும் இல்லை, பறத்தலும் இல்லை என்பது அதைப் படைத்தவர்கள் தாமே விதித்துக் கொண்ட சட்டம். அந்த உடை 2011இல், கடைசி அத்தியாயத்தில்தான் வருகிறது. அதுவரை ஒரு பண்ணை வீட்டின் சமையலறை மேசையில், வளரும் பிள்ளையும் பெற்றோரும் உட்கார்ந்து, எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். திரையரங்கில் வானம் பெரிது. தொலைக்காட்சியில் சமையலறை பெரிது. நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெட்டி அல்லவா? அது வேறு எங்கே போகும்!

ஐந்தாம் வாரம், "இப்ப பாருங்க" என்று பேத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். 2022இல் வந்த 'மிஸ் மார்வெல்'. ஆறே அத்தியாயங்கள். நாயகி கமலா கான், ஜெர்சி நகரத்தில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பதினாறு வயதுப் பெண். ஜி. வில்லோ வில்சன் எழுத, ஏட்ரியன் அல்ஃபோனா வரைய, சனா அமனாத் பதிப்பாசிரியராக இருக்க, 2014இல் இவளுக்கென்று தனிச் சித்திரக் கதை இதழ் தொடங்கியது. தொடரில் நடித்தவர் இமான் வெல்லானி.

அதுவரை நான் பார்த்த அத்தியாயங்களில் நம்மைப் போன்ற ஒரு வீடு வரவில்லை. இங்கே பள்ளிவாசல் வந்தது, பெருநாள் வந்தது, பள்ளிவாசலில் தோழியின் காலணி காணாமல் போயிற்று. அதைக் கண்டு நாங்கள் மூவரும் ஒன்றாகச் சிரித்தோம். ஆம், மகளும் அப்போது அடுப்படியை விட்டு வந்து வாசற்படியில் நின்றிருந்தாள்.

முதல் அத்தியாயத்தில் ஒரு காட்சி. வீரர்களின் இரசிகர் விழா ஒன்றுக்குப் போகக் கமலா துடிக்கிறாள். பெற்றோர் தயங்கிப் பின் இசைகிறார்கள். ஆனால் தந்தையும் உடன் வருவார் என்பது நிபந்தனை. தாய் தைத்த பச்சைச் சல்வார் கமீஸும், முகமெல்லாம் பச்சைச் சாயமுமாக, ஹல்க் வேடத்தில் அவர் மகிழ்ச்சியோடு வந்து நிற்கிறார். மகளுக்கும் அதே போன்ற உடை. அவளுக்கு அவமானம் பொறுக்கவில்லை, கடுஞ்சொல் சொல்லிவிடுகிறாள். பச்சை முகத்துடன் அந்த மனிதர் வாடி நிற்கிறார். அன்றிரவு அவள் சன்னல் வழியாக வெளியேறுகிறாள்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலையில் தனியே நடந்துபோன அந்தப் பச்சை உருவம், இங்கே ஒரு தகப்பனின் முகத்தில் வந்து ஒட்டிக் கொண்டிருக்கிறது. அவர் அழகாகவா இருந்தார்? இல்லை. மகளின் விருப்பத்தைச் சரியாகப் புரிந்துகொண்டாரா? அதுவும் இல்லை. ஆனால் சாயத்தைப் பூசிக்கொண்டு அவள் உலகத்தின் வாசல்வரை வந்தார். நான் வந்தது பழைய பேப்பர்க் கடை வரைதான்.

கமலாவின் சக்தி அவளுடைய கொள்ளுப்பாட்டியின் வளையலிலிருந்து எழுகிறது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினை இரவில், இரயில் நிலையக் கூட்டத்தில் தொலைந்துபோக இருந்த ஒரு குழந்தையின் கதை அந்த வளையலோடு பிணைந்திருக்கிறது. பாட்டி, தாய், மகள் மூவரும் அதை அறிந்த பிறகே வீட்டில் மனம் திறந்த பேச்சு பிறக்கிறது. கடைசி அத்தியாயத்தில், தன் இரகசியத்தைச் சொல்லக் கமலா வீட்டாரைக் கூட்டுகிறாள். அவர்களுக்கு அது முன்பே தெரியும். தாய் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்! பின்பு அந்தத் தாயே மகளுக்கு வீர உடையைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். கமால் என்ற பெயருக்கு உருதுவில் அற்புதம் என்ற பொருளும் உண்டென்று தந்தை சொல்லிக் கொடுக்கிறார். அந்தப் பொருளிலிருந்தே வீரப் பெயரும் அமைகிறது.

படம் முடிந்து, பேத்தி மஃரிபு தொழ எழுந்து போனாள். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நான் அவளைப் பார்க்காமல் சொன்னேன்:

"உன் புத்தகங்களை ஒரு தடவை நான் எடைக்குப் போட்டேன்."

"இரண்டு கிலோ இருநூறு கிராம், அத்தா."

திடுக்கிட்டேன். கடைக்கு நான் தனியாகத்தானே போனேன்?

"மறுநாள் போய்க் கடைக்காரரிடம் கேட்டேன். அதற்குள் பொட்டலம் மடிக்கக் கொடுத்துட்டாங்க. எடை மட்டும் நோட்டில் இருந்தது" என்றாள். அவள் குரலில் வருத்தமோ குற்றச்சாட்டோ இல்லை. முப்பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு கணக்கை நேர்மையாக வைத்திருந்தவளின் குரல் அது.

ஒளித்து வைத்தவள் அவள் என்றுதான் இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். ஒளித்து வைக்கும்படியான வீட்டை நடத்தியவன் நான் என்பது, கால் முறிந்து கட்டிலில் கிடந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. பிள்ளைகள் வாசிப்பதையும் பார்ப்பதையும் பெற்றோர் கவனிக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் கவனிப்பது என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. அன்று நான் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை.

"அதில் உனக்கு ரொம்பப் பிடித்த கதை எது?" என்று கேட்டேன்.

மகள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையில் மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துபோகும் இரும்புக்கை மாயாவியின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். தொழுகை முடித்து வந்த பேத்தியும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். தேநீர் ஆறிப் போயிற்று. யாரும் எழவில்லை.