23 கோடிப் புள்ளிகளும் ஒரு தண்டவாளத் துண்டும்



நம் பழைய ஓட்டுக் கட்டடத்தின் படம் என்ன ஆயிற்று என்று தினமும் யாராவது கேட்கிறீர்கள். முடிந்துவிட்டது. ஏன் இத்தனை நாள் ஆயிற்று என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நாற்பது நிமிஷம் என் கணக்கு வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுத்துக்கொள்வீர்கள்.

விவரம் தெரியாத உறவினர்களுக்காக ஒரு வார்த்தை. நான் வேலை பார்த்த பள்ளியின் பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். முழுக் கட்டடமும் தெரிகிற மாதிரி ஒரு நல்ல போட்டோ யாரிடமும் இல்லை. குரூப் போட்டோவில் பின்னால் பாதித் தூண், விளையாட்டு விழாவில் ஒரு ஓரம் கூரை, அவ்வளவுதான். ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காகப் பிளெண்டர் என்கிற இலவச மென்பொருளைக் கற்றுக்கொண்டிருந்தேன். அதில் அந்தக் கட்டடத்தைத் திரும்பக் கட்டிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். தூண் ஒன்பதா பத்தா என்று இங்கே நீங்கள் போட்ட சண்டை ஞாபகம் இருக்கும். (பத்துதான். ஒன்பது என்றவர்கள் எல்லோரும் கிழக்கு வகுப்பில் படித்தவர்கள். படிக்கட்டு ஒன்றை மறைக்கும்.)

புது ஹாலின் சுவரில் 20 அடிக்கு 8 அடி மாட்டலாம் என்று முடிவாயிற்று. அவ்வளவு பெரிசு எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். காரணம் ஒரு போன் அழைப்பு. நமக்கெல்லாம் மணி அடித்த அண்ணனின் மகள் பேசினாள். அவளும் நம் பள்ளியில் படித்தவள்தான். "சார், அப்பா பள்ளிக்கூடத்துல இருக்கிற மாதிரி எங்ககிட்ட ஒரு போட்டோகூட இல்ல. அவர் நின்னு மணி அடிச்ச இடமாவது தெரியுமா?" என்று கேட்டாள். மணி என்றால் வெண்கல மணி இல்லை, வேப்பமரத்துக் கிளையில் கம்பியில் தொங்கிய இரண்டடித் தண்டவாளத் துண்டு. தெரியும்மா என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டேன்.

படத்தின் அகலத்துக்குள் வருவது ஏறக்குறைய 150 அடி இடம். சாதாரணக் கணினித் திரையின் அகலம் 1920 பிக்சல். பிக்சல் என்றால் புள்ளி. ஓர் அடிக்குப் பதின்மூன்று புள்ளிகூட வராது. அந்தத் தண்டவாளத் துண்டு 25 புள்ளி உயரத்தில் ஒரு கறுப்புக் கீறலாகத்தான் தெரியும். அதையே பெரிதாக்கி அச்சடித்தால் கீறல் பெரிதாகுமே தவிர, தண்டவாளம் ஆகாது.

அப்படியானால் எத்தனை புள்ளி வேண்டும்? அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று எங்கோ கேட்டிருந்தேன். 20 அடி என்பது 240 அங்குலம். 72,000 புள்ளி அகலம், 28,800 உயரம், பெருக்கினால் 207 கோடி! பதறிப்போய், கோயம்புத்தூரில் கட்டடக்கலை நிறுவனத்தில் படம் செய்கிற நம் பையனைக் கூப்பிட்டேன். பெயர் போட வேண்டாம் என்றான். கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம் என்றால் அவன் செட்டுக்குத் தெரியும்.

"சார், எவ்வளவு தூரத்துல நின்னு பாப்பாங்க?" என்றான். அதுதான் சரியான கேள்வி. நல்ல கண்ணால் பிரித்துப் பார்க்க முடிகிற மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. பத்தடி தள்ளி நின்றால் அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்குலத்துக்கு 30 புள்ளியே போதும். மூன்றடியில் நின்றால் 100 புள்ளி வேண்டும். நீங்கள் யாரும் பத்தடி தள்ளி நிற்கப்போவதில்லை, அவரவர் வகுப்பு ஜன்னலைத் தேடிக் கிட்டே போவீர்கள். எனவே 100. 24,000 பெருக்கல் 9,600. 23 கோடியே 4 லட்சம் புள்ளிகள். தண்டவாளத் துண்டுக்கு 320 புள்ளி உயரம். அடித்து அடித்துத் தேய்ந்த பள்ளம் வரைக்கும் காட்டலாம்.

ரெண்டர் பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் பிளெண்டரே திரையில் இல்லை. மறுபடி அழுத்தினேன், மறுபடி காணோம். என் கணினியில் 8 ஜிபி ரேம். "சார், அது ஓடாது. நீங்கதான சொல்லிக்கொடுத்தீங்க, பக்கம் ரெண்டு மடங்கானா பரப்பு நாலு மடங்குன்னு" என்றான் பையன். எட்டாம் வகுப்பில் இதைத் தப்பாக எழுதியதற்காக இவனை நான் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். வாங்கிக்கொண்டேன்.

கணக்கு இதுதான். ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவு என்று நாலு எண்கள். ரெண்டர் நடக்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் 4 பைட், ஆக 16. படத்தில் மணல் தூவினாற்போல் விழும் புள்ளிகளை நீக்க ஒரு வேலை இருக்கிறது. அதற்கு அந்த இடத்துப் பொருளின் நிறமும் அது எந்தத் திசை பார்த்திருக்கிறது என்பதும் வேண்டும். இன்னும் ஆறு எண்கள், 24 பைட். மொத்தம் 40. அதை 23 கோடியால் பெருக்குங்கள். 9.2 ஜிபி. விண்டோஸ் இரண்டு மூன்று ஜிபி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மீதி ஐந்தில் ஒன்பதை எங்கே வைப்பது?

அதோடு கட்டடமும் ரேமில் இருக்க வேண்டும். கூரையில் நான் அடுக்கிய மங்களூர் ஓடுகள் ஆறாயிரம். ஷிஃப்டும் டி-யும் அழுத்தி நகல் எடுத்திருந்தேன். ஒவ்வொன்றும் தனி ஓடாக இடம் பிடித்தது. ஆல்ட்டும் டி-யும் அழுத்தியிருந்தால் ஒரே ஓட்டின் வடிவம்தான் ரேமில் இருக்கும், மற்றவை எல்லாம் 'அதே ஓடு, இந்த இடத்தில்' என்கிற குறிப்பு மட்டும். ஒரு வாரம் கூரையைப் பிரித்து மேய்ந்தேன். நிஜக் கூரைக்குக்கூட அவ்வளவு நாள் ஆகியிருக்காது.

சுவருக்கும் மரத்துக்கும் ஒட்டிய போட்டோக்கள் முப்பது. ஒவ்வொன்றும் ஹார்ட் டிஸ்கில் 4 எம்பிதான், இதற்கென்ன என்று நினைத்தேன். ஜேபெக் படம் பச்சை அப்பளம் மாதிரி. டப்பாவில் நூறு அடுக்கலாம், பொரித்தால் அண்டா கொள்ளாது. 4000க்கு 3000 போட்டோவைத் திறந்தால் ரேமில் 48 எம்பி. முப்பதுக்கும் சேர்த்து ஒன்றரை ஜிபியை நெருங்கும். பக்கத்தைப் பாதியாக்கினேன், கால் பங்காயிற்று. தண்டவாளத்தின் துருவை மட்டும் முழு அளவிலேயே விட்டேன்.

இவ்வளவு செய்தும் அந்த 9.2 குறையாது. வழி, படத்தைத் துண்டு போடுவது. அந்தக் காலத்து சினிமா பேனர் ஓவியர்கள் சின்ன போட்டோவில் கட்டம் போட்டு, பெரிய துணியிலும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக வரைந்தார்களே, அதேதான். 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0 முதல் மென்பொருளே படத்தை 2048 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, முடிந்ததை ஹார்ட் டிஸ்கில் எழுதிக்கொள்கிறது. நிறுவனங்களில் ஓடும் வி-ரே போன்றவற்றிலும் முழுப் படத்தை ரேமில் வைக்காமல் நேரே ஃபைலில் எழுதச் சொல்லலாம். ஆனால் என் கணினி எல்லாக் கட்டமும் முடிந்து, முழுப் படத்தையும் எடுத்து மணலை நீக்கப் போகிற நேரத்தில் படுத்தது. கல்யாணச் சமையல் முடிந்து பந்தியில் இலை இல்லாத கதை.

எனவே கையாலேயே வெட்டினோம். அகலத்தில் ஆறு, உயரத்தில் நாலு, ஆக 24 துண்டு. ஒவ்வொன்றும் 4000க்கு 2400. ஒரு துண்டுக்கு 40 கோடி பைட்டுக்கும் குறைவு, 8 ஜிபி ரேமுக்கு இது ஒன்றுமில்லை. எந்தத் துண்டு எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்பதைப் பையன் பத்துப் பன்னிரண்டு வரிப் பைத்தான் நிரலாக எழுதி அனுப்பினான். துண்டுக்கு ஐம்பது நிமிஷம்.

முதல் தடவை ஒட்டிப் பார்த்தபோது வேப்பமரத்தின் நடுவில் ரம்பம் வைத்தாற்போல் ஒரு கோடு. மணலை நீக்கும் வேலை பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துத்தான் ஊகிக்கிறது. துண்டின் ஓரத்தில் அதற்குப் பக்கத்து வீடு கிடையாது. இந்தப் பக்கத் துண்டு ஒன்றை ஊகிக்க, அந்தப் பக்கத் துண்டு வேறொன்றை ஊகித்துவிடுகிறது. தையற்காரர் தையலுக்கென்று துணி விடுவாரே, அதுபோல நாலு பக்கமும் 64 புள்ளி கூட வைத்து எடுத்து, பிறகு நறுக்கினோம். கோடு போய்விட்டது.

இரண்டாம் இரவு மின்சாரம் போனது. பதினாலாவது துண்டு பாதியில் நின்றது. முடிந்த பதின்மூன்றும் பத்திரமாக ஹார்ட் டிஸ்கில். விளக்கு வந்ததும் பதினாலிலிருந்து ஆரம்பித்தேன். அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். ஒட்டும்போது ஒரு நிறத்துக்கு ஒரு பைட் போதும் என்பதால் மொத்தப் படமும் 691 எம்பியில் அடங்கியது.

மணி அண்ணனின் மகளை வீட்டுக்கு வரச் சொல்லி, திரையில் அந்த இடத்தை முழு அளவில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கம்பி இவ்வளவு நீளம் இல்ல சார். அப்பா குள்ளம். அவருக்கு எட்டாதுன்னு ஒரு செங்கல் போட்டு ஏறி நிப்பார்" என்றாள். கம்பியைக் குறைத்தேன், கீழே ஒரு செங்கல்லும் வைத்தேன். பதினைந்தாம் துண்டு. அதை மட்டும் திரும்ப எடுத்து ஒட்டியாயிற்று.

வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாட்டுகிறோம். தண்ணீர்த் தொட்டியில் குழாய் மூன்றா நாலா என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. நான் மூன்று வைத்திருக்கிறேன். நாலு என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் புதன்கிழமைக்குள் இங்கேயே எழுதுங்கள். அது பதினேழாம் துண்டு, ஐம்பது நிமிஷ வேலைதான்.