வாத்துக்கு ஒரு சீட்டு

உங்களை ஒன்று கேட்கிறேன். வேட்டையில் சுட்ட வாத்து ஒன்றைக் காரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக என்னென்ன வேண்டும்? கார் வேண்டும், வாத்து வேண்டும் என்பீர்கள். அமெரிக்காவில் அது போதாது. வாத்தின் உடம்பில் தலையாவது, இறகு கலையாத ஒரு சிறகாவது வீடு போய்ச் சேரும் வரை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுட்டவர் வேறு, கொண்டுபோகிறவர் வேறு என்றால், வாத்தோடு ஒரு சீட்டும் தொங்க வேண்டும். சுட்டவரின் கையெழுத்து, விலாசம், பறவைகள் எத்தனை, என்ன ஜாதி, சுட்ட தேதி, அத்தனையும் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். நம் ஊர் பத்திரப் பதிவு ஆபீஸ் நினைவுக்கு வருகிறதல்லவா?

முட்டைகூடத் தொடாத எனக்கு இந்தச் சங்கதியெல்லாம் எப்படித் தெரியும் என்று சந்தேகப்படாதீர்கள். என் பிள்ளை ஆர்க்கன்சா மாகாணத்தில் வேலையாக இருக்கிறான். குளிர்காலத்தில் நானும் போய்ச் சில மாதம் இருந்துவிட்டு வருவது வழக்கம். அமெரிக்காவிலேயே மிகுதியாக நெல் விளைகிற மாகாணம் அது. அறுவடை முடிந்த வயல்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். சிந்திய நெல்லைப் பொறுக்க வடக்கேயிருந்து வாத்துக் கூட்டம் இறங்கும். வாத்தின் பின்னாலேயே துப்பாக்கியும் வந்துவிடும். அங்கே ஸ்டட்கார்ட் என்று ஓர் ஊர் (ஜெர்மனியில் இருப்பது அல்ல). அரிசிக்கும் வாத்து வேட்டைக்கும் அந்த ஊர்தான் தலைநகரம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போய் வருகிறவர். வேலிக்கு அந்தப்புறம் அவர், இந்தப்புறம் நான். பேச்சுக்கு விஷயம் வேண்டாமா?

அவர் சொன்ன கணக்கைக் கேளுங்கள். ஒருவர் ஒரு நாளைக்கு 6 வாத்து சுடலாம். அதில் மல்லார்டு என்னும் பச்சைத்தலை வாத்து நாலுக்கு மேல் போகக் கூடாது. அந்த நாலிலும் பெட்டை இரண்டுக்கு மேல் கூடாது. கைவசம் வைத்துக்கொள்ளும் அளவு இதைப்போல மூன்று மடங்கு, அதாவது 18. வீட்டு ஐஸ் பெட்டியில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும். சமைத்துச் சாப்பிட்டால் கணக்குத் தீரும். யாருக்காவது தானமாகக் கொடுத்தாலும் தீரும். கொடுப்பவர் வீட்டிலோ வாங்குபவர் வீட்டிலோ வைத்துக் கொடுத்தால் மத்திய சட்டப்படி சீட்டு வேண்டாம். அதே வாத்தை நடுவழியில் கொடுத்தால் சீட்டு வேண்டும். மாகாணச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். தளர்வாக மட்டும் இருக்க முடியாது. காசுக்கு விற்கும் பேச்சே கிடையாது. ஹோட்டலில் பரிமாறுகிறார்களே, அது பண்ணை வாத்து.

சிறகு எதற்கு என்று கேட்டேன். இறகைப் பிடுங்கிவிட்டால் எல்லா வாத்தும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்றார். மல்லார்டின் சிறகில் நீலப் பட்டையும் அதன் இருபுறமும் வெள்ளைக் கரையும் இருக்கும். அதைப் பார்த்ததும் அதிகாரிக்கு ஜாதி தெரிந்துவிடும். புறாவுக்கு மட்டும் இந்த நிபந்தனை இல்லையாம்.

புறா என்றதும் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சட்டங்கள் பிறந்ததே ஒரு புறாவினால்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. வட அமெரிக்காவில் பயணிப் புறா என்று ஓர் இனம் இருந்தது. கூட்டம் பறந்தால் மணிக்கணக்கில் வெயில் மறையுமாம். தந்தி வந்தது, புறா எங்கே இறங்கியிருக்கிறது என்று அன்றைக்கே ஊரெல்லாம் தெரிந்தது. ரயில் வந்தது, கொன்ற புறாக்களைப் பீப்பாய் பீப்பாயாக அடைத்து சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் அனுப்பினார்கள். அந்த இனத்தின் கடைசிப் பறவை, மார்த்தா என்று பெயர், 1914 செப்டம்பர் 1-ந் தேதி சின்சின்னாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்தது.

கவனித்தீர்களா? புறாவைக் கொன்றது துப்பாக்கி மட்டுமல்ல, ரயில் வண்டியும்தான். மாகாணத்துக்கு மாகாணம் வேட்டைச் சட்டம் இல்லாமல் இல்லை. ஆனால் திருட்டுத்தனமாகச் சுட்டதை எல்லை தாண்டிக் கொண்டுபோய்விட்டால் கேட்பாரில்லை. அயோவா மாகாணத்தைச் சேர்ந்த ஜான் லேசி என்ற காங்கிரஸ் அங்கத்தினர் பிடித்தது அந்த நாடியைத்தான். அவர் பெயரில் 1900 மே மாதம் வந்த சட்டம், ஒரு மாகாணத்தில் விதியை மீறிக் கொன்றதை இன்னொரு மாகாணத்துக்கு எடுத்துப்போவதையே குற்றமாக்கியது. 1916-ல் கனடாவுக்காகப் பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம். அதை நிறைவேற்ற 1918-ல் இன்னொரு சட்டம். எங்கள் எல்லைக்குள் இருக்கும் பறவை எங்கள் சொத்து என்று மிசௌரி மாகாணம் வழக்குப் போட்டது. நேற்று வந்து நாளை ஆயிரம் மைல் போய்விடக் கூடிய பறவைக்கு நீ எப்படிச் சொந்தக்காரன் என்கிற தோரணையில், 1920-ல் நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பு எழுதினார். இன்றைக்கும் அந்த 1918 சட்டத்தை மீறினால் 15,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நம் நாட்டில் 1972 சட்டமும் 1991-ல் வந்த திருத்தமும் வேட்டைக்கே ஏறக்குறையக் கதவடைத்துவிட்டன. அவர்களோ வேட்டையை அனுமதித்து, அதற்குப் பின்னால் நடப்பதையும் விடாமல் கணக்குப் பார்க்கிறார்கள்.

அந்தக் கணக்கு ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரரின் சிநேகத்துக்கே உலை வைத்தது. அவரும் பாலிய நண்பர் ஒருவரும் விடியற்காலையில் வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். ஆளுக்கு ஆறு வாத்து கிடைத்துவிட்டது. அவரவர் ஆறை அவரவரே சுமந்து வண்டி வரை வந்தார்கள். இதிலும் விதி உண்டு: சுட்ட இடத்திலிருந்து வண்டி வரை, சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு நாள் அளவுக்கு மேல் ஒருவர் கையில் இருக்கக் கூடாது. வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது நண்பரின் கைபேசி மணி அடித்தது. அவர் மனைவிக்குப் பிரசவ வலி. தலைச்சன் பிள்ளை.

மனுஷர் வாத்துகளைப் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் வீசினார். “நீயே கொண்டுபோ” என்று கத்திவிட்டுத் தம் வண்டியைக் கிளப்பினார். நம்மவர் என்ன செய்தார் தெரியுமா? ஓடிப்போய் அந்த வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார்! “கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ.”

“உனக்குப் பைத்தியமா? அங்கே அவள் துடித்துக்கொண்டிருக்கிறாள்!”

“அரை நிமிஷம்.”

வசைமாரி பொழிந்துகொண்டே நண்பர் ஸ்டியரிங்கின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார்: மல்லார்டு 4, சின்ன வாத்து 2, தேதி, விலாசம், கையெழுத்து. வண்டி பறந்தது.

வழியில் வேட்டைக் காவல் அதிகாரி நம்மவரை நிறுத்தினார். ஒரே ஆள், 12 வாத்து. சீட்டைப் படித்தார். ஒவ்வொரு சிறகையும் விரித்துப் பார்த்தார். போகலாம் என்றார். சீட்டு இல்லாதிருந்தால் துப்பாக்கி, லைசென்ஸ் எல்லாவற்றுக்குமே ஆபத்து என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

நண்பர் ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு போய்விட்டார். பெண் குழந்தை, சாயங்காலம்தான் பிறந்தது. ஆனாலும் அடுத்த வேட்டைப் பருவம் வரை அவர் இவரோடு பேசவில்லை. ஒரு பெண் வலியில் கிடக்கும்போது வாத்துக்குச் சீட்டா என்று பக்கத்து வீட்டு அம்மாளே இன்றைக்கும் கோபிக்கிறாள். என் மருமகளும் அவள் கட்சி. நான் சீட்டின் கட்சி. அரை நிமிஷத்தில் குடி முழுகவில்லை. அந்தக் காகிதத்தை அவரைத் தவிர வேறு யாரும் எழுதிக் கொடுத்திருக்கவும் முடியாது. உங்கள் வீட்டில் இதைப் படித்துக் காட்டினால் நீங்களும் இரண்டு கட்சியாகப் பிரிவீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது இருவரும் மறுபடி சேர்ந்துதான் போகிறார்கள். நண்பர் சட்டைப் பையில் ஒரு கட்டுச் சீட்டு வைத்திருக்கிறாராம். “முன்கூட்டியே கையெழுத்தும் போட்டு வைத்துவிடுவாரோ?” என்று கேட்டேன்.

“கையெழுத்து மட்டும்தான் போட்டிருக்கிறான். எண்ணிக்கையை வாத்து வந்த பிறகுதானே எழுத வேண்டும்?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.