மானாவாரி நிலமும் மகனின் இழைப்புளியும்

நம் பத்திரிகை கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது கேள்வி-பதில் பக்கத்தைத்தான். பருத்தியில் மாவுப்பூச்சி, ஆட்டுக்கு வயிற்றுப்போக்கு, கிணற்றுக்கு மானியம் என்று வரும் கேள்விகளுக்கு நடுவே, கொஞ்ச நாளாக வேறு ஒன்றும் கண்ணில் படுகிறது. ‘மகன் பத்தாவது முடித்திருக்கிறான். மேலே படிக்க மனசில்லை. நிலம் மானாவாரி. என்ன தொழில் கற்றுக்கொடுக்கலாம்?’ ஊர்ப் பெயர்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. எங்கள் வீட்டிலும் அதே கேள்வி இருந்தது. நாங்கள் தச்சு வேலையைத் தேர்ந்தெடுத்தோம். அதில் பட்டதையும் பார்த்ததையும் எழுதுகிறேன். யாருக்காவது உதவும்.

குமாரலிங்கபுரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல். புரட்டாசி, ஐப்பசியில் மழை இறங்கினால் மக்காச்சோளம், உளுந்து, ஓரமாகக் கொஞ்சம் மல்லி. தையில் வெள்ளாமை வீடு வந்து சேர்ந்தால் பிறகு ஆறு, ஏழு மாதம் நிலம் வெடித்துக் கிடக்கும். ஆடு மேய்க்கலாம், நூறு நாள் வேலைக்குப் போகலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி வீடுகள் எல்லாமே இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. பதினாறு வயதுப் பையன் அந்த ஆறு மாதமும் என்ன செய்வான்? பைக் வாங்கச் சொல்லுவான், இல்லையென்றால் திருப்பூருக்குப் போகிறேன் என்பான். என் மகன் இரண்டையும் சொன்னான்.

பதினொன்றாம் வகுப்புக்குப் போய் மூன்றே மாதத்தில் நின்றுவிட்டான். கணக்கு வரவில்லை என்றான். ஆனால் வீட்டில் உடைந்த கட்டில் காலை அவன்தான் செதுக்கி மாட்டினான். கோழிக்கூட்டுக்குக் கதவு செய்தான். இதைப் பார்த்துத்தான் எனக்குத் தச்சு யோசனை வந்தது. சொன்னதும் என் கொழுந்தனார் முகம் மாறிவிட்டது.

“என்ன மதினி, நம்ம வீட்டுப் பிள்ளை ஆசாரி வேலைக்கா? நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போக வேணாமா?”

இதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. கிராமத்தில் தொழிலுக்குச் சாதி உண்டு. எந்த வேலைக்கு யார் போகலாம் என்று மனசுக்குள் ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறோம். மருத்துவம் படிக்க அந்த வேலியைத் தாண்டினால் கைதட்டுகிறோம். உளி பிடிக்கத் தாண்டினால் முகம் சுளிக்கிறோம். என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். “பனியன் கம்பெனியில அடுத்தவன் தச்ச துணிக்குப் பிசிறு வெட்டுறதை விட இது என்ன கொறைச்சல்?” என்று ஒன்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

இனி விவரம். அரசு ஐ.டி.ஐ.க்களில் ‘கார்பெண்டர்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். பதினான்கு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. பாடத்திட்டம் 1,200 மணி நேரம், அதில் 840 மணி நேரம் செய்முறைதான். படிப்புக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பஸ் பாஸ் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் ஐ.டி.ஐ. படிக்கும்போது கிடைக்கிறது. புதுமைப் பெண் 2022 செப்டம்பரிலும் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கியவை. இரண்டாவது வருவதற்குள் என் மகன் படிப்பை முடித்துவிட்டான். உங்கள் பிள்ளைக்குக் கேட்டு வாங்குங்கள்.

எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருப்பதில்லை. ஃபிட்டரும் எலக்ட்ரீசியனும் எங்கும் கிடைக்கும், கார்பெண்டர் தேடத்தான் வேண்டும். நாங்கள் தேடி, வெளியூர் அரசு ஐ.டி.ஐ.யில் 2022-ல் சேர்த்து, விடுதியில் விட்டோம். விண்ணப்பம் மே, ஜூன் வாக்கில் இணையத்தில் போட வேண்டும். பத்தாவது ரிசல்ட் வந்த பிறகு மெதுவாகப் பார்க்கலாம் என்று இருந்தால் இடம் போய்விடும்.

ஒரு வருடத்தில் என்ன கற்றான்? மரத்தை அளப்பது, அறுப்பது, இழைப்பது, துளை போட்டு நாக்கு எடுத்துப் பொருத்துவது, வரைபடம் பார்த்துப் பொருள் செய்வது, இயந்திரங்களைக் கையாளுவது. கணக்கு வராது என்றவன் பின்னத்தையும் கோணத்தையும் கையாலேயே கற்றுக்கொண்டான். முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதி, தேசியத் தொழிற் சான்றிதழ் வாங்கினான். ஆனால் அந்தச் சான்றிதழோடு வந்த பையனை முழுத் தச்சன் என்று சொல்ல முடியாது. அடிப்படை தெரியும், வேகம் இருக்காது.

மீதியைக் கற்றுக்கொடுத்தது பக்கத்து ஊர் ஆசாரியய்யா. எழுபது வயதைத் தாண்டியவர். எங்கள் மாமனார் காலத்துக் கலப்பையும் மாட்டு வண்டியும் அவர் வீட்டில் செய்தவை. குடம், ஆரக்கால், வட்டை என்று வண்டிச் சக்கரம் பூட்டுவதில் அவருக்கு இணை கிடையாது. களத்தில் கதிர் அடித்ததும் அவருக்கு ஒரு பங்கு தானியம் போகும், அதுதான் கூலி. டிராக்டர் வந்து ஏர் போனது, டயர் வண்டி வந்து சக்கரம் போனது. அவருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். தயங்கித்தான் போய்க் கேட்டேன்.

“எம் பிள்ளைகளே இதைத் தொடலை தாயி. ஒம் பிள்ளை தொடுறேங்கிறான். விட்டுட்டுப் போ” என்றார்.

இரண்டு வாரம் அவனை மரத்தைத் தொடவே விடவில்லை. உளியும் இழைப்புளித் தகடும் தீட்டுவது மட்டும்தான் வேலை. தகட்டின் சாய்வு மாறாமல் கல்லில் தேய்க்க வேண்டும். கை ஆடினால் முனை உருண்டுவிடும். தீட்டி முடித்ததும் முழங்கை மயிரில் வைத்துப் பார்ப்பார். மழிக்கவில்லை என்றால் திரும்பவும் கல். மகன் சலித்துப்போய், “அங்கே மிஷின்ல அஞ்சு நிமிஷம்தாம்மா” என்றான். ஆனால் மொட்டை உளிதான் வழுக்கிக் கையைக் குத்தும், கூரான உளி சொன்ன இடத்தில் நிற்கும். இதைப் பெரியவர் அவனுக்கு வாயால் சொல்லவில்லை, புளியங்கட்டையைக் கொடுத்துச் செதுக்கவிட்டுப் புரியவைத்தார்.

அடுத்தது மரம் பார்ப்பது. நடுவில் கறுத்திருக்கும் வைரம் நிற்கும், சுற்றியிருக்கும் வெளிர் பாகத்தைப் பூச்சி அரிக்கும். நாட்டுக் கருவேலையும் வேம்பையும் வெட்டியவுடன் பயன்படுத்தக் கூடாது. அந்தக் காலத்தில் கம்மாய்த் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, எடுத்து நிழலில் காயவைப்பார்கள். மரத்துக்குள் இருக்கும் மாவுச்சத்து கரைந்து போவதால் பூச்சி அண்டாது. ஐ.டி.ஐ.யில் ஈரப்பத மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மேசை, நாற்காலிக்கு 10 முதல் 12 சதவீதம் வரை இருக்கலாம். பெரியவர் கட்டையைத் தட்டி ஓசை கேட்பார். ஒருநாள் மீட்டரையும் அவர் காதையும் ஒரே கட்டையில் சோதித்துப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யார் ஜெயித்தது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை!

இந்தப் படிப்பு சம்சாரிக்கு நேரடியாகப் பயன்பட்ட ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வரப்பில் ஒரு வாகை நின்றது. மர வியாபாரி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு விலை சொன்னார். நாமும் காலங்காலமாக அப்படித்தான் கண் மதிப்பில் கொடுத்து வருகிறோம். மகன் இஞ்ச் டேப்பை எடுத்தான். அடிமரத்தின் நடுப்பகுதிச் சுற்றளவு 60 அங்குலம். நான்கால் வகுத்தால் 15. அதை அதாலேயே பெருக்கினால் 225. நீளம் 8 அடி, அதனால் பெருக்கினால் 1,800. கடைசியாக 144-ஆல் வகுத்தால் 12.5 கன அடி. மர வியாபாரத்தில் உருட்டுக்கட்டைக்கு நெடுங்காலமாக இருக்கும் கணக்கு இது. பட்டைக்கும் அறுப்புச் சேதாரத்துக்கும் இதிலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழிந்துவிடுகிறது. அதனால் ‘சேதாரம்’ என்று இன்னொரு தடவை கழிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். “தம்பி அளக்கத் தெரிஞ்ச ஆளா?” என்று கேட்ட வியாபாரி, முதலில் சொன்னதைவிட நான்காயிரம் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் தச்சுப் படித்த பிள்ளை இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி வையுங்கள். பனைக்கு மட்டும் இது வேறு விஷயம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது.

அதன்பிறகு நகரத்துப் பட்டறை. இப்போது பட்டறைகளில் முக்கால்வாசி பிளைவுட் வேலைதான். 8-க்கு 4 அடிப் பலகை, 18 மில்லிமீட்டர் கனம், மேலே மைக்கா, ஓரத்துக்குப் பட்டி, கீல், டிராயர் சேனல். சமையலறை அலமாரி, துணி பீரோ, டி.வி. ஸ்டாண்டு. பெரியவரிடம் கற்றதெல்லாம் இங்கே வீணா என்று முதலில் மலைத்தான். இல்லை. பலகையை வீணாக்காமல் அளந்து வெட்டுவதும், மூலை தொண்ணூறு பாகையில் நிற்பதும் எங்கேயும் ஒன்றுதான். தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட் போட வேண்டும் என்பதெல்லாம் அங்கே தெரிந்துகொண்டான்.

அங்கே ஒரு கசப்பும் நடந்தது. பட்டறையின் பெயர் வேண்டாம். ‘தொழில் கத்துக்கிட வந்த பையனுக்குக் கூலி எதுக்கு?’ என்று நான்கு மாதம் சாப்பாட்டுக் காசு மட்டும் கொடுத்தார்கள். வட்ட ரம்பத்தின் மேல்மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேகமாக ஓட்டச் சொல்லுவார்கள். ஒருநாள் பலகை பின்னுக்கு எகிறி, கூட வேலை பார்த்த பையனின் இரண்டு விரல் நுனி போய்விட்டது. மகன் போனில் சொன்னபோது குரல் நடுங்கியது. “நாளைக்கே ஊருக்கு வந்துரு” என்றேன். வந்தான். கொழுந்தனார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

பிள்ளையைப் பட்டறையில் விடுமுன் பெற்றவர்கள் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். ரம்பத்துக்கு மூடி இருக்கிறதா, தூசி இழுக்கும் குழாய் இருக்கிறதா, முகக்கவசம் போடுகிறார்களா? மரத்தூள் வெறும் தும்மலோடு போகிற விஷயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. சம்பள விஷயத்துக்கும் சட்டம் உண்டு. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவு செய்து சேர்ந்தால் மாத உதவித்தொகை கட்டாயம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பயிற்சியாளர்களை எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள இடங்களில் அது அவர்கள் விருப்பம். அதனால் முடிந்தால் பெரிய இடமாகப் பாருங்கள். இன்னும் மேலே கற்க வேண்டுமென்றால், பெங்களூரில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் நவீன மரவேலை இயந்திரங்களுக்கென்றே ஒரு பயிற்சி மையம் இருக்கிறது.

வெளிநாட்டு ஏஜெண்ட் ஒருவரும் வந்தார். ‘வளைகுடாவில் கார்பெண்டர் வேலை’ என்றார். மகன் விசாரித்தான். அது ஷட்டரிங் கார்பெண்டர், அதாவது கான்கிரீட் ஊற்றப் பலகை அடைக்கும் வேலை. மேசை நாற்காலி செய்பவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெயிலில் கட்டடத்தின் மேலே நிற்க வேண்டும். ஏஜெண்ட் மத்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். எங்களிடம் வந்தவர் ஒன்றரை லட்சம் கேட்டார். ஒரு ஏக்கரை விற்றால் கொடுத்திருக்கலாம். விற்கவில்லை.

சொந்தப் பட்டறைக்குக் கடன் கேட்டும் அலைந்தோம். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் வந்தது, தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக மாநில அரசு கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். குலத்தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. எங்களைப் போன்ற வீட்டுக்கு இது நல்ல விஷயம். ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும். பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு இதற்கு வந்துவிடக் கூடாது என்பது அதன் காரணம், நியாயம்தான். என் மகனுக்கு இன்னும் நிறைய வருடம் இருக்கிறது. வயது 18 ஆனவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தைக் கேட்கலாம். கிராமத்தில் தொடங்கினால் பொதுப்பிரிவுக்கு 25 சதவீதமும், பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர் போன்றவர்களுக்கு 35 சதவீதமும் மானியம்.

இப்போது மகன் அருப்புக்கோட்டையில் ஒரு பட்டறையில் இருக்கிறான். மூடி போட்ட ரம்பம், வாரக்கூலி. ஐப்பசியில் பதினைந்து நாள் விதைப்புக்கு வந்துவிடுவான், முதலாளியும் சம்சாரி வீட்டுக்காரர் என்பதால் விடுகிறார். பங்குனி, சித்திரையில் நிலம் சும்மா கிடக்கும்போதுதான் ஊர் உலகமெல்லாம் வீடு கட்டுகிறார்கள். அவனுக்கு அப்போதுதான் வேலை அதிகம். இந்தப் பொருத்தம் நாங்கள் எதிர்பாராமல் கிடைத்தது.

லீவு நாளில் மாட்டுக் கொட்டகையில் சொந்தமாக ஒன்று செய்து பார்க்கிறான். கரி மூட்டம் போடுவதற்காக வெட்டிய சீமைக்கருவேலில் தடித்த கட்டைகளாகப் பொறுக்கிப் பலகையாக அறுத்திருக்கிறான். நிலத்தையெல்லாம் கெடுத்த மரம் என்று நாம் திட்டுகிறோம், ஆனால் இது கெட்டியான மரம், காயும்போது அதிகம் சுருங்காது. அமெரிக்காவில் இதன் இனத்து மரத்தில் நல்ல விலைக்கு மேசை நாற்காலி செய்கிறார்கள். நீளமான பலகை கிடைக்காது, அதுதான் குறை. முக்காலிக்கும் மணைக்கும் போதும். பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி, மேலே சாக்பீஸால் தேதி எழுதியிருக்கிறான். கொழுந்தனார் போன வாரம் வந்து, பேத்தி பள்ளிக்கூடத்துப் பாடம் எழுத ஒரு சாய்வுப் பலகை வேண்டும் என்று கேட்டார். தை முடியட்டும் சித்தப்பா, மரம் இன்னும் காயவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.