மற்றொரு வண்டியின் வில்

கொல்கத்தாவின் மல்லிக் பஜாரில் கிடைக்காத பழைய கார் உறுப்பே இல்லை என்பார்கள். எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியைச் சீர்படுத்த முனைந்த சகோதரர்களாகிய நாங்கள், அச்சொல்லை நம்பி ஓராண்டுக் காலம் அங்கே அலைந்தோம். 1961 முதல் சென்னையில் உருவான வண்டி அது. 1970களின் தொடக்கத்திலேயே உற்பத்தி நின்றுவிட்டது.

பின்சக்கரங்களைத் தாங்கும் வில்பட்டையே எங்கள் தேவை. அம்பாசடருக்கு இருபுறமும் நெடுக்காக இரண்டு வில்கள். ஹெரால்டுக்கோ குறுக்கே ஒன்றுதான். ஆதலின் பிற வண்டியினுடையது பொருந்தாது. தேவையை முகத்தில் காட்டினால் விலை ஏறும். காட்டாவிட்டால் பொருள் வெளியே வராது!

ஒருநாள் கடைக்காரர் ஒருவர் எங்களைக் கொல்லைப்புறம் அழைத்துச் சென்றார். வெட்டுக்குக் காத்து நின்றது ஒரு ஹெரால்டு. வில் பழுதின்றி இருந்தது; விலையும் எட்டுவதாகவே இருந்தது. ஆயினும் எங்கள் கை பணத்தை எடுக்கத் தயங்கிற்று. வண்டியின் முன்பலகையில் எவரோ நாள்தோறும் சந்தனமிட்ட தடம்! அதுவும் ஒரு வீட்டின் தந்தையார் ஓட்டிய வண்டிதானே?

“நீங்கள் வாங்காவிட்டாலும் நாளை இது எடைக்குப் போகும்” என்றார் கடைக்காரர். வாங்கினோம்.

இன்று எங்கள் வண்டி ஓடுகிறது. மேடுபள்ளங்களில் அது குலுங்கும்போதெல்லாம், எங்களைத் தாங்குவது எங்கள் தந்தையாரின் வண்டி மட்டுமன்று என்பதை இருவரும் சொல்லாமலே உணர்கிறோம்.