கடை போடுமுன் வயதைக் கேளுங்கள்

வெருகலில் கடை போட நினைக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து, "பெரியப்பா, எந்த இடத்தில் போட்டால் ஓடும்?" என்று கேட்கிறார்கள். கோயிலடியா, ஈச்சிலம்பற்றா, இல்லை திருகோணமலை ரவுணுக்கே போய்விடலாமா என்று யோசனை. இடத்தைப் பிறகு பார்ப்போம், அந்தப் பக்கம் புழங்குகிற ஆம்பிளைகளுக்கு என்ன வயது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

குடும்பத்தோடு இருக்கிறவனுக்குச் சோறும் துவைத்த உடுப்பும் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடுகின்றன. பெண்கள் கூலியில்லாமல் செய்து கொடுக்கிறார்கள். ரவுணில் அறை எடுத்துத் தனியாக இருக்கிற இருபத்திரண்டு வயதுப் பொடியன் அத்தனையையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். காலையில் தேத்தண்ணியும் ரொட்டியும், இரவில் கொத்து, இடையில் சலூன், லோண்டரி, போனுக்கு ரீலோட். அவனே முப்பத்தைந்து வயதில், மனைவி பிள்ளைகளோடு இருக்கும்போது, சாப்பாட்டுக் கடைப் பக்கம் தலை காட்டமாட்டான். அப்போது அவன் காசு பள்ளிக்கூட வானுக்கும் ரியூஷனுக்கும் சீமெந்துக்கும் போகும். ஆள் மாறவில்லை, வயது மாறியது. அதோடு அவனை நம்பியிருந்த கடையும் மாற வேண்டியிருக்கிறது.

இதற்கு நம்முடைய திருகோணமலையே சாட்சி. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகு பிரிட்டிஷ் கடற்படைக்கு இந்தத் துறைமுகம் உயிர்நாடியாயிற்று. அதே வருடம் ஏப்ரல் 9-ஆம் திகதி யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன. போர் திரும்பியதும் கப்பல்கள் மறுபடியும் வந்து குவிந்தன. 1944-ல் இங்கிருந்து புறப்பட்டுத்தான் சுமாத்திராவைத் தாக்கினார்கள். கப்பல் நிறைய இளந்தாரிகள். அவர்களுக்குள் கிழவரும் இல்லை, குழந்தையும் இல்லை. அப்படி ஒரு கூட்டம் கரையிறங்கினால் சலவை, தையல், முடிவெட்டு, சாப்பாடு, சாராயம் எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. மருத்துவிச்சிக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் அந்தக் கூட்டத்தால் ஒரு வேலையும் கூடாது. 1957 ஒக்ரோபரில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது, சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளும் இருந்தன. வாங்குகிற வயது மட்டும் கப்பலேறிப் போய்விட்டது.

பிறகு 1980-களில் சீனக்குடாப் பக்கம் பிரீமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்து ஆலையும் வந்தன. ஆலைக்கு வருகிறவனுக்கு மாதச் சம்பளம் உண்டு. கல்யாணம் முடித்து, வாடகைக்கு வீடு தேடுவான். அவனுக்கு வேண்டிய கடை வேறு.

இன்று நம் பொடியன்கள் போய் நிற்கிற கட்டாரைப் பாருங்கள். அங்கே நூற்றுக்கு 70 பேருக்கு மேல் ஆண்கள், பெரும்பாலும் உழைக்கிற வயது. தொழிலாளர் தங்கும் பகுதிகளில் மெஸ், சலூன், பணம் அனுப்பும் கடை, போன் கடை என்றுதான் இருக்கும். 2022 உலகக் கிண்ணத்துக்கான கட்டட வேலை முடிந்ததும் எத்தனையோ பேர் பெட்டியைக் கட்டினார்கள். ஒரே வயது ஆம்பிளைகளை நம்பின வியாபாரம் வேகமாக ஏறும், அதே வேகத்தில் இறங்கும். அதைச் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏறுகிற காலத்திலேயே அடுத்த வயதுக்கு என்ன விற்கலாம் என்று யோசித்து வையுங்கள்.

அந்த அடுத்த வயது முதுமை. 1981-ல் இலங்கையில் நூற்றுக்கு 6.6 பேர்தான் அறுபதைத் தாண்டியவர்கள். 2012 கணக்கெடுப்பில் அது 12.4. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு துயரமும் இருக்கிறது. யுத்த வருடங்கள், 2004 சுனாமி, 2006 இடப்பெயர்வு என்று எல்லாம் சேர்ந்து, இன்று நாற்பது ஐம்பது வயதில் இருக்க வேண்டிய ஆம்பிளைகள் பலரை எடுத்துவிட்டன. தகப்பனைத் தாங்க வேண்டிய தோள் அது. அதற்கு இளைய தோள் வெளிநாட்டில் நிற்கிறது.

ஈச்சிலம்பற்று ஆஸ்பத்திரியில் கிளினிக் நாளில் ஒருதரம் போய் நின்று பாருங்கள். விடியவே வந்து நம்பர் எடுத்து, கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கிழவர்கள் இருப்பார்கள். பிரஷர், சீனி, முழங்கால் நோ. மருந்து கைக்கு வந்த பிறகு, வீடு திரும்ப ஆட்டோ கிடைக்காமல் அவர்கள் காத்திருக்கிற நேரத்தைப் பாருங்கள். இருபது வயதுக்காரன் தனக்கு வேண்டியதைத் தேடிக் கடைக்கு நடந்து வருவான். எழுபது வயதுக்காரன் வரமாட்டான், வரவும் முடியாது. அவனுக்கு உங்கள் தொழில் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். முடி வெட்டுகிறவன் சாமானைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், சமைத்த சாப்பாடு உப்பைக் குறைத்துப் போக வேண்டும், ஆட்டோக்காரன் கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டும்.

"கிழவனிடம் காசு ஏது?" என்று கேட்பீர்கள். எல்லாரிடமும் இல்லைதான். ஆனால் பலருக்குக் காசு கொடுக்கிறவன் தோஹாவிலோ கொழும்பிலோ இருக்கிற மகன். தகப்பனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் மருந்து வாங்கிக் கொடுத்ததைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பில்லையும் அனுப்புங்கள். நேர்மையாகச் செய்தால் அந்த மகன் உங்களை விடமாட்டான். மகன் இல்லாத கிழவருக்கு மாதத்தில் ஒரு நாளாவது சும்மா செய்யுங்கள்.

றோட்டில் ஏற்கெனவே நாலு போன் கடை இருக்கிற இடத்தில் ஐந்தாவதைப் போட முற்பணம் கொடுக்கப் போகிற தம்பிமாரே, அதற்கு முன் கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்திலும் போய், உங்கள் பிரிவில் எந்த வயதில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு வாடகை பேசுங்கள்.